ரெண்டரை பாக்கி

ஒட்டடை தவிட்டுக்குத் தர வேண்டியது நூற்று நாற்பத்தேழரை ரூபாய். யாராவது பேச்சுவாக்கில் அதை நூற்றைம்பது என்று முழுசாக்கிவிட்டால் ஒட்டடைக்கு மூக்கு விடைத்துவிடும். "நான் வாங்குனது நூத்தி நாப்பத்தேழரை. மிச்ச ரெண்டரை அவன் வயித்துக்குள்ள போச்சு. அதை எதுக்கு என் தலையில கட்டுறீங்க?" என்பான்.

இரண்டு பேரும் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கினவர்கள். வேகனிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து லாரிக்கு. ஒட்டடை நெட்டை. கிடங்குக்குள் நுழைந்தால் உத்தரத்தில் தொங்குகிற ஒட்டடையெல்லாம் அவன் தலையோடு வெளியே வந்துவிடும். தவிடு கட்டைகுட்டை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடுக்கின் மேலிருந்து வழுக்கி, கீழே பிரிந்து கிடந்த தவிட்டுக் குவியலில் தலைகுப்புற விழுந்து, கண் இரண்டு மட்டும் தெரிய எழுந்து வந்தான். அன்றிலிருந்து அவனைப் பெற்றவள்கூட அவனைத் தவிடு என்றுதான் கூப்பிட்டாள்.

அவர்கள் ஜோடி. மூட்டை தூக்காதவர்களுக்கு ஜோடி என்றால் என்னவென்று சொல்லித்தான் ஆக வேண்டும். நிறை மூட்டையை ஒரு ஆள் தானே தன் தோளில் ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரே ஒருவன் நின்று, சாக்கின் காதைப் பிடித்து, சேர்ந்து மூச்சிழுத்து ஏற்றிவிட வேண்டும். டீ நேரம் வரைக்கும் ஒருவன் சுமப்பான், மற்றவன் ஏற்றிவிடுவான். டீக்கு அப்புறம் மாறிக்கொள்வார்கள். ஏற்றிவிடுகிறவன் கவனம் பிசகினால் சுமக்கிறவன் கழுத்து போய்விடும். பெண்டாட்டியிடம் பொய் சொல்லிவிட்டு வேலைக்கு வரலாம், ஜோடியிடம் சொல்ல முடியாது. மூச்சே காட்டிக் கொடுத்துவிடும்.

மற்ற ஜோடிகள் மூன்று எண்ணித் தூக்குவார்கள். இவர்கள் இரண்டிலேயே தூக்கிவிடுவார்கள். காரணம் தவிட்டின் இடது முட்டி. சின்ன வயதில் வேகன் கதவிலிருந்து விழுந்து அடிபட்டது. எடை ஏறும்போது உள்ளுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு மட்டும்தான் கேட்கும்.

"மூணு வரைக்கும் எண்ணாத மச்சான். அதுக்குள்ள முட்டிக்கு யோசனை வந்துடுது" என்று தவிடு சொன்னான்.

முட்டியில் குறை என்று வெளியே தெரிந்தால் ஆளை வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதனால் அந்த 'டக்' இரண்டு பேருக்குள்ளேயே இருந்தது. வலது முட்டி மட்டும் கல்தூண் மாதிரி. பாரத்தையெல்லாம் அதன் தலையில் தள்ளிவிட்டு, தவிடு ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தான்.

அப்போது கிடங்குக்குக் கிழக்கே ஒரே வாசல். முதலாளி லாரிக்காக மேற்கே இரண்டாவது வாசல் திறந்தார். திறந்தவர் அதற்கு வேறு மேஸ்திரியைப் போட்டார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் குடியிருந்தவர்கள் கிழக்குவாசல், அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள் மேற்குவாசல் என்று ஒரே காலையில் ஆட்களைப் பிரித்துவிட்டார்கள். ஒட்டடை இந்தப் பக்கம். தவிடு அந்தப் பக்கம். இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டு தண்டவாளமும் கொஞ்சம் ஜல்லியும்தான். அதுவரைக்கும் அது ஒரு தூரம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

முதலில் கேலியாகத்தான் இருந்தது. கிழக்குவாசல்காரர்கள் தலைத்துண்டை நெற்றிப் பக்கம் முடிந்தார்கள். மேற்குவாசல்காரர்கள் பிடரிப் பக்கம் முடிந்தார்கள். "என்னடா, பின்னாடி முடிச்சு? முன்னாடி மூளை இல்லைன்னா?" என்று இவர்கள் கேட்பார்கள். "உங்களுக்கு இருந்தாத்தானே முடிஞ்சு காப்பாத்தணும்" என்று அவர்கள் சொல்வார்கள். அப்புறம் சர்க்கரை வேகன் எந்த வாசலுக்கு, சிமெண்ட் வேகன் எந்த வாசலுக்கு என்று வந்தது. சர்க்கரை மூட்டை சுமந்தால் வியர்வையை நக்கினால் இனிக்கும். சிமெண்ட் சுமந்தால் ராத்திரியெல்லாம் இருமல். கேலி வசவாயிற்று. வசவு கைகலப்பாயிற்று. ஒருவனுக்கு இரண்டு பல் போயிற்று, இன்னொருவனுக்கு விரல் கோணிக்கொண்டது. சண்டையன்று சாக்குக் கொக்கியை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. அது தொழில் செய்கிற இரும்பு. அதனால் உருட்டுக்கட்டை எடுத்துக்கொண்டார்கள்.

இப்படி இருந்த நேரத்தில்தான் அந்தக் கடன். ஒட்டடையின் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி கண்டு, குழந்தை குறுக்கே திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் அறுக்க வேண்டும் என்றார்கள். கிழக்குவாசலுக்கு அப்போது வேகன் வராத காலம். யார் வீட்டிலும் அரைக் காசு இல்லை. சேதி எப்படித்தான் தண்டவாளத்தைத் தாண்டியதோ, சாயங்காலம் தவிடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றான். நடந்து வந்திருந்தான்.

"சைக்கிள் எங்க?" என்றான் ஒட்டடை.

"வேற ஆளோட ஓடிப் போயிடுச்சு. இந்தா, நூத்தி நாப்பத்தேழரை."

"என்னடா கணக்கு இது?"

"நூத்தம்பதுக்குத்தான் வித்தேன். வித்த துக்கத்துக்கு ஒரு டீ குடிச்சேன். நீயும் துக்கத்துலதானே இருப்பேன்னு உன் பங்குக்கும் ஒரு டீ நானே குடிச்சேன்."

தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பெண் குழந்தை. தவிடு ஒட்டடையின் பெண்டாட்டியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். ஊரார் முறைக்குக் கூப்பிடுகிற தங்கச்சி இல்லை அது. அவள் கடைசிவரைக்கும் இப்படித்தான் சொன்னாள்: "என் உயிர் அந்த சைக்கிள்ல ஏறி வந்துச்சு."

கிடங்கில் யாரும் எழுதிவைத்துக் கடன் கொடுப்பதில்லை. எழுதத் தெரிந்தவனும் இல்லை. இரண்டு வாசலுக்கும் நடுவில், ரயில் மேம்பாலத்துக்கு அடியில், டீக்கடை அக்கா கடை போட்டிருந்தாள். கிழக்கே பார்த்து ஒரு பெஞ்சு, மேற்கே பார்த்து ஒரு பெஞ்சு. இரண்டு பக்கமும் ஒரே விலை, ஒரே திட்டு. கடன் கொடுத்தவன் அவள் முன்னால் தொகையைச் சொல்வான். வாங்கினவன் திருப்பிச் சொல்வான். மூன்றாவதாக அக்கா சொல்வாள். மூன்று வாயில் ஏறிவிட்டால் அது கடன். திருப்பித் தருவதும் அங்கேதான், வாங்கினவன் தன் கையாலேயே, அக்கா காதில் விழும்படி.

அதோடு இன்னொன்றும் இருந்தது. யாருக்குக் கடன்பட்டிருக்கிறோமோ அவன் மேல் கையை ஓங்கக் கூடாது. கடன் கொடுத்தவனும் வாங்கினவனை அடிக்கக் கூடாது. கொடுத்தவனை வாங்கினவன் அடித்தால், திருப்பிக் கொடுக்க வக்கில்லாமல் அடிக்கிறான் என்ற பேர் வரும். கொடுத்தவன் அடித்துக் கையை முறித்துவிட்டால், அப்புறம் எந்தக் கையால் சம்பாதித்து எப்படித் திருப்பித் தருவான்? யார் முதலில் சொன்னது என்று தெரியாது. ஆனால் கிழக்கும் மேற்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அதனால் எத்தனை சண்டை நடந்தாலும் ஒட்டடைக்கும் தவிட்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. கட்டையோடு எதிரெதிரே வந்துவிட்டால் இரண்டு பேரும் கையைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

"கொஞ்சம் தள்ளு மச்சான், உனக்குப் பின்னாடி நிக்கிறவனை அடிக்கணும்" என்பான் தவிடு.

"அவன் நல்லவன்டா. அடுத்தவனை அடி" என்பான் ஒட்டடை.

அந்த நாட்களைப் பற்றிப் பேசினால் ஒட்டடைக்கு இப்போதும் முகம் மலரும். அடிபட்டு வந்து உப்பு ஒத்தடம் வாங்கிக்கொண்டு கிடந்த நாட்களும் அதில் அடக்கம். கிழக்குவாசலில் ஒரு பெரிய அலுமினியச் சட்டி இருந்தது. மத்தியானம் எல்லார் வீட்டுச் சோறும் அதில் கொட்டிக் கலக்கப்படும். யார் வீட்டில் அடுப்பு எரிந்தது, யார் வீட்டில் எரியவில்லை என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று மேஸ்திரி செய்த ஏற்பாடு. மேஸ்திரி வாயைத் திறந்தால் நாற்றமடிக்கிற வசவுதான். ஆனால் ஒட்டடையின் கால் வேகன் கதவில் நசுங்கியபோது அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினவர் அவர். "நூறு கிலோ மூட்டை தூக்கியிருக்கேன், இந்த எலும்புக் கட்டு மாதிரி எதுவும் குத்தினதில்லை" என்று ஓடும்போதே திட்டினார். அந்தச் சட்டியில் கை வைத்துச் சாப்பிட்டவனுக்கு அந்த ஆட்களை விட்டுக் கொடுக்க மனசு வராது.

ஒட்டடையின் மகள் நடக்க ஆரம்பித்திருந்த சமயம். அறுவடைக் காலத்துத் தானிய வேகன் முழுவதையும் இனி ஒரே வாசலுக்குத்தான் கொடுப்பேன், முதல் வேகனை எந்த வாசல் இறக்குகிறதோ அந்த வாசலுக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். நாய்களுக்கு நடுவே எலும்பு போடுவது மாதிரி. தோற்ற வாசலில் வேலை இருக்காது. இருந்தாலும் சிமெண்ட்தான்.

மறுநாள் வேகன் வருகிறது. மேஸ்திரி வீட்டு முன்னறையில் எல்லாரும் கூடினார்கள். நடுவில் ஒரு துண்டு விரித்திருந்தது. அதில் நோட்டும் சில்லறையும் குவிந்து கிடந்தன.

"உக்காருடா ஒட்டடை" என்றார் மேஸ்திரி. "மேற்குவாசல்ல முன்னாடி நிக்கப் போறவன் தவிடு. அவன் விழுந்துட்டா மிச்சவன் எவனும் நிக்க மாட்டான். அவன் நிக்கிற வரைக்கும் எவனும் ஓட மாட்டான். சரியா?"

"சரிண்ணே."

"அவன் மேல கை வைக்கத் தோதான ஆள் நீதான். அவன் மூச்சு உனக்குத் தெரியும். ஆனா நீ கடன்காரன். அதுக்குத்தான் இது." துண்டைத் தள்ளினார். "ஆளாளுக்குப் போட்டது. நூத்தி நாப்பத்தேழரை. உன் பொண்ணு உயிரைக் காப்பாத்தின கடன், நம்ம எல்லாருக்கும்தான் கடன். காலையில போய் மரியாதையா குடுத்துட்டு வா. அப்புறம் நீ கையைத் தூக்கலாம்."

ஒட்டடை துண்டை வாங்கி முடிந்தான். யார் யார் வீட்டில் என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சில்லறையில் எத்தனை பேர் அடுப்பு அணைந்திருக்கும்?

"இன்னொன்னு" என்றார் மேஸ்திரி. "அவன் உக்காந்து எந்திரிக்கிறதைப் பார்த்திருக்கேன். ஒரு முட்டியில கோளாறு. எந்த முட்டி?"

எல்லாரும் ஒட்டடையைத் திரும்பிப் பார்த்தார்கள். கதவோரம் சம்மட்டி நின்றிருந்தான். கிழக்குவாசலிலேயே கை கனத்தவன் அவன். எதை அடித்தாலும் ஒரே அடி. அவனும் ஒட்டடையின் வாயையே பார்த்தான்.

தெரியாது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். சொல்லமாட்டேன் என்றால் அந்தச் சட்டியில் இனி கை வைக்க முடியாது. ஒட்டடையின் மூளை மூட்டை சரிகிற வேகத்தில் ஓடிற்று. நல்ல முட்டி கல்தூண். ஓர் அடியைத் தாங்கும். கெட்ட முட்டி தாங்காது.

"வலது" என்றான்.

வீட்டுக்குப் போனதும் பெண்டாட்டி துண்டை அவிழ்த்துப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்டவாளத்தின் இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் அதற்குள் தெரிந்திருந்தது.

"அண்ணன் மேல கையை ஓங்கிட்டு வந்தா, இந்தக் கையால சோறு போட மாட்டேன்" என்றாள்.

"ஓங்கலைன்னா சோறே இருக்காதுடி."

"அப்ப ரெண்டு பேரும் பட்டினி கிடப்போம். ஒண்ணாத்தானே கிடப்போம்." சொல்லிவிட்டு அழுதாள். அப்புறம் எழுந்து போய் அடுப்பை ஊதினாள்.

காலையில் ஒட்டடை டீக்கடைக்குப் போனபோது தவிடு மேற்குப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். துண்டு மூட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அப்படி அவனை ஒட்டடை பார்த்ததே இல்லை.

"கொண்டு வந்துட்டியா?"

"கொண்டு வந்துட்டேன்."

"உன் காசா?"

"எங்க காசு."

தவிடு தலையை ஆட்டினான். "சரி. அவங்க சோறு போட்டாங்க. நானா இருந்தாலும் கொண்டு வந்திருப்பேன். எடு, அக்கா பாத்துக்கிட்டு இருக்கு."

அக்கா டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு அடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டு பெஞ்சும் நிறைந்திருந்தன. முன்முடிச்சும் பின்முடிச்சுமாக அத்தனை தலையும் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒட்டடை மூட்டையை அவிழ்த்தான். அவிழ்த்தவன் நின்றான். அப்புறம் திரும்பி, "அக்கா, ரெண்டு டீ" என்றான்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

அக்கா டீ போட்டாள். ஒன்றைத் தவிட்டிடம் நீட்டினாள், ஒன்றை ஒட்டடையிடம். ஒரு டீ ஒன்றேகால். ஒட்டடை துண்டிலிருந்து ரெண்டரையை எண்ணி எடுத்து அடுப்புத் திண்டில் வைத்தான். பிறகு மிச்சத்தை அப்படியே தவிட்டின் கையில் கொடுத்தான்.

"நூத்தி நாப்பத்தஞ்சு" என்றான்.

"ஏன்?"

"குடுக்கிற துக்கத்துக்கு டீ குடிச்சேன். நீயும் துக்கத்துலதானே இருப்பேன்னு உனக்கும் ஒண்ணு வாங்கினேன்."

தவிடு டீயை வாயில் வைத்திருந்தான். அது மூக்கு வழியாக வந்தது. இருமினான், சிரித்தான், மறுபடி இருமினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் மற்றதற்கெல்லாம் சத்தம் போடுவாள், இதற்கு மட்டும் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது.

"ரெண்டரை பாக்கி."

கிழக்குவாசலில் மேஸ்திரி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். சேதி ஒட்டடைக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மடியிலிருந்து இரண்டு முழுக் காசும் ஒரு அரைக் காசும் எடுத்து ஒட்டடையின் காலடியில் விட்டெறிந்தார்.

"போய்க் குடுத்துட்டு வா."

ஒட்டடை குனிந்து பொறுக்கினான். நிமிரும்போது வேகன் வந்து எஞ்சின் ஊதிவிட்டது. தவிடு ஏற்கெனவே தண்டவாளத்தில் நின்றிருந்தான். டீக்கடை காலியாகிவிட்டது. கடன் திருப்புகிற இடத்தில் அக்காவும் இல்லை, அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பாலத்துப் படிக்கட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.

"சம்மட்டி" என்றார் மேஸ்திரி. "வலது முட்டி."

ஒட்டடை சண்டையிலிருந்து விலகி நிற்கவில்லை. யாரும் அவனை அப்படிச் சொல்ல முடியாது. கிழக்குவாசல் வரிசையில் முன்னால் நின்றான். இரண்டு பேரைச் சாய்த்தான். மூன்றாவது ஆள் அவன் தோள்பட்டையில் போட்ட போட்டில் எலும்பு முறிந்தது. கீழே விழுந்து ஜல்லியில் கன்னம் உரச, சம்மட்டி சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தான். ஒரே அடி. வலது முட்டி.

கல்தூண் என்று நினைத்தது தப்பு. சம்மட்டியின் அடியைத் தாங்குகிற முட்டி எந்த உடம்பிலும் இல்லை.

தவிடு வலது காலில் சரிந்தான். சரிந்தவன் விழவில்லை. இடது காலை ஊன்றி எழப் பார்த்தான். முழு உடம்பும் அதன் மேல் வந்தது. அவ்வளவு கூச்சலிலும் ஒட்டடைக்கு அந்த 'டக்' கேட்டது. அதோடு தவிடு உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் பார்த்தான். மேற்குவாசல்காரர்கள் ஓட ஆரம்பித்திருந்தார்கள்.

கிழக்குவாசல் ஜெயித்தது. அந்த வருஷம் எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

ஒட்டடையை மேஸ்திரி வேலையை விட்டு நிறுத்தவில்லை. "நீ நம்ம ஆளுதான். சட்டியில கை வைக்கலாம். ஆனா உன்கூட எவனும் காது பிடிக்க மாட்டான்" என்றார். அப்படியே ஆயிற்று. தோள் கூடின பிறகு அவன் மூட்டைக்கு எதிரே வந்து நிற்க ஆள் இல்லை. கிழிந்த சாக்கைக் கோணியூசியால் தைத்தான். சிந்தின தானியத்தைக் கூட்டி அள்ளினான். பாதிக் கூலி. கிடங்கை மூடுகிற வரைக்கும் அவன் ஜோடியில்லாத ஆள்தான்.

சண்டை நடந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தவிட்டைப் பார்த்தான். இரண்டு காலுக்கும் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான் அவன். இவன் தோளுக்குக் கட்டு. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அந்த ரெண்டரையைக் கொண்டு வந்தியா?" என்றான் தவிடு.

"இல்ல."

"நல்லது. கொண்டு வராத."

எந்த முட்டி என்று யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. அது ஒட்டடையின் நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

தவிடு அதற்கப்புறம் மூட்டை தூக்கவில்லை. மரம் அறுக்கிற பட்டறையில் காவல் வேலை கிடைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. "என் குண்டியை நம்பிக் குடுத்த முதல் உத்தியோகம்" என்று சொல்லிக்கொள்வான்.

காலம் போயிற்று. வேகனில் இப்போது மூட்டையே வருவதில்லை, குழாய் வைத்து உறிஞ்சுகிறார்கள். இரண்டு வாசலுக்கும் ஒரே நாளில் பூட்டுப் போட்டார்கள். மேஸ்திரி போய்ச் சேர்ந்தார். அவர் பாடைக்குத் தோள் கொடுத்துக்கொண்டு போனபோது, இந்த எலும்புக் கட்டு குத்துகிறதா என்று ஒட்டடை மனசுக்குள் கேட்டுக்கொண்டான். சம்மட்டி பேரப் பிள்ளைகளுக்குப் பயந்து வாழ்கிறான், டம்ளரைக் கீழே போட்டுவிட்டால் மருமகள் வருமுன் துண்டால் துடைத்துவிடுகிறான். பாலத்தடி டீக்கடையில் இரண்டு பெஞ்சில் ஒன்று உடைந்துவிட்டது. மிச்சம் இருக்கிற முன்முடிச்சும் பின்முடிச்சும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். யார் கை யார் பல்லை உடைத்தது என்று இரண்டு பக்கமும் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்.

ஒட்டடை மேஸ்திரி விட்டெறிந்த அந்தக் காசை வேறெதற்கும் எடுக்கவில்லை. வேட்டி மடியில் ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தான். பெண்டாட்டி துவைக்கும்போது எடுத்து வைத்து, காய்ந்ததும் மறுபடி முடிந்து கொடுப்பாள். பட்டினி கிடந்த நாளிலும் அவள் அதை எடுக்கவில்லை. அவள் போன பிறகு அவனே துவைத்தான், அவனே முடிந்தான்.

தவிட்டின் மகள் தூரத்து ஊரில் வீடு கட்டியிருந்தாள். அப்பனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக வந்தாள். சாமான் எல்லாம் வண்டியில் ஏற்றியாயிற்று. தவிடு மட்டும் டீக்கடைப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. ஊன்றுகோலை முட்டிக்கு நடுவே வைத்துக்கொண்டு, ஒட்டடை வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒட்டடை வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"போறேன் மச்சான்" என்றான் தவிடு.

"போ. அங்க டீ நல்லா இருக்காது."

"ரெண்டரையைக் குடு."

ஒட்டடை அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் கேட்டதே இல்லை. இந்த ரெண்டரை இருக்கிறது என்றுதான் வாரம் தவறாமல் ஒருவரை ஒருவர் தேடி வந்தது. கடனைத் தீர்த்துக்கொண்டு போகிறான் என்றால் என்ன அர்த்தம்? முட்டி விஷயம் யாராவது சொல்லிவிட்டார்களா? சம்மட்டிதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான்.

"இப்ப எதுக்குடா?"

"குடுன்னா குடு. அக்கா, இங்க வா."

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். இப்போது கடையை நடத்துவது மருமகள். அக்காவுக்குக் காது மந்தம். ஆனால் தொகை என்றால் கேட்டுவிடும்.

ஒட்டடை மடியை அவிழ்த்தான். முடிச்சு இறுகிப் போயிருந்தது, பல்லால் இழுத்தான். இரண்டு முழுக் காசு, ஒரு அரைக் காசு. கறுத்துப் போயிருந்தன.

"இது இப்பச் செல்லாது" என்றான்.

"வாங்குன அன்னைக்குச் செல்லுச்சுல்ல. போதும்." தவிடு வாங்கி ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "சரியா இருக்கு அக்கா."

"சரியா இருக்கு" என்றான் ஒட்டடை.

அக்கா பெருமூச்சு விட்டாள். "தீர்ந்துது. இத்தனை வருஷமா இந்தப் பிசாசைச் சுமந்தேன்டா பாவிகளா."

அவள் வாயை மூடவில்லை, அதற்குள் தவிடு ஊன்றுகோலைத் தூக்கி ஒட்டடையின் வலது முட்டியில் ஒன்று போட்டான். விளையாட்டாக இல்லை. ஒட்டடை "ஐயோ" என்று பெஞ்சிலேயே துள்ளினான். வண்டியிலிருந்து மகள் "அப்பா!" என்று கத்தினாள்.

"இது என் வலது முட்டிக்கு" என்றான் தவிடு. "இத்தனை நாள் கையைக் கட்டிப் போட்டிருந்தியே, கடங்காரப் பயலே."

ஒட்டடை முட்டியைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தான். "யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? சம்மட்டி வலதுல அடிச்சப்பவே தெரியும். என் முட்டியில கோளாறு இருக்குன்னு பாத்தவன் எத்தனை பேர் வேணா இருக்கலாம். இடதை வலதுன்னு மாத்திச் சொல்ல உன்னைத் தவிர எவன் இருக்கான்?"

"தாங்கும்னு நினைச்சேன்டா."

"தெரியும். இடதுல அடிச்சிருந்தா, ஏற்கெனவே போன காலு, அது ஒண்ணோட போயிருக்கும். என்னைக் காப்பாத்தறேன்னு ரெண்டையும் காலி பண்ணிட்ட. எதிரி பண்ணுவானா இப்படி?"

தவிடு சிரித்தான். பல் இரண்டோ மூன்றோதான் இருந்தது. ஒட்டடைக்குச் சிரிப்பு வரவில்லை, வேறென்னவோ வந்தது. நெற்றி முடிச்சை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"அப்ப இடது முட்டிக்கு?" என்றான்.

"அது நானே விழுந்து கெடுத்துக்கிட்டது. உன் கணக்குல வராது. நீ வேணா திருப்பி ஒண்ணு அடிச்சுக்கோ. இப்ப உனக்கும் உரிமை இருக்கு."

"அடிச்சா உன் மக என்னை வண்டிக்கு அடியில போட்டுடுவா."

மகள் இறங்கி வந்து நின்றிருந்தாள். "மாமா, நேரமாச்சு. அப்பாவைக் கொஞ்சம் எழுப்பிவிடுங்க" என்றாள்.

ஒட்டடை அவன் எதிரே போய் நின்றான். அடிபட்ட முட்டி விண்விண் என்று தெறித்தது. குனிந்து, தவிட்டின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்தான். தவிடு அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். முறிந்து கூடின தோள்.

"மூணு வரைக்கும் எண்ணாத" என்றான் தவிடு.

"எனக்கே சொல்றியா? மூச்சை இழு. ஒண்ணு... ரெண்டு."

'டக்' என்று ஒரு சத்தம். யாருடைய முட்டி என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.